போக இருந்தவள்

பங்குனி ஐந்தாம் தேதி காலையில், பாண்டித்துரையின் மருமகள் முருகலட்சுமி இங்கிலீசுப் பரீட்சையில் தேறவில்லை என்று சேதி வந்தது. பொழுது சாய்வதற்குள் கடலாடிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் அது பரவிவிட்டது. ஒரு பெண் பரீட்சையில் தோற்றது அப்படிப் பரவக்கூடிய சேதி இல்லை. அதற்கு வழி செய்து வைத்தவர் பாண்டித்துரைதான். மாசி மாதம் குலசாமி கோயில் களரித் திருவிழாவில் இரண்டு கிடாய் வெட்டினார். பங்காளிகளையும் மாமன் மச்சினர்களையும் உட்காரவைத்துச் சோறு போட்டார். பந்தி முடிகிற நேரத்தில் எழுந்து நின்று, "மருமக சித்திரையில இங்கிலாந்து போகுது, மகனோட இருக்க" என்று சொன்னார். பரீட்சைக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவருக்கு அறுபத்தேழு வயது. இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். அந்தப் பத்து வருஷத்திலும் ஊரில் ஒருவர் வீட்டில்கூட ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. குடித்தால் நாளைக்கு அவன் வந்து ஒன்று கேட்பான், மறுக்க முடியாது என்பார். தன் வீட்டுக் குறை எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு. தாண்டினால் அது அவர் வாயால் சொல்லி, அவர் சொன்ன விதத்தில்தான் தாண்ட வேண்டும்.

மகன் காளிதாஸ் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் ஐம்பது நாள்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வீட்டில் இருந்தார்கள். அவள் அங்கே போக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய் ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து கால் மணி நேரம் இங்கிலீசில் பேசிக்காட்ட வேண்டும். கஷ்டமான கேள்வி ஒன்றும் இருக்காது என்று காளிதாஸ் போனில் சொல்லியிருந்தான். பேர், ஊர், வீடு, நாளைக்கு என்ன செய்யப்போகிறாய், அங்கே போய் என்ன செய்ய உத்தேசம், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில்தான் அவள் தோற்றிருந்தாள்.

சேதி வந்த அன்று களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மிளகாய் உருண்டையாக, குட்டையாக இருக்கும். பங்குனி வெயிலில் நாலு நாள் கிடந்தபின் ஆட்டினால் உள்ளே விதை சத்தம் போடும். மாமியார் பஞ்சம்மாள் வரப்பு வேம்பின் நிழலில் உட்கார்ந்து வெளுத்த வத்தலைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முருகலட்சுமி வெயிலில் நின்று காலால் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அவள் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. மிளகாய்க் களத்தில் யார் கண் கலங்கினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"மூணு மாசம் ராம்நாட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தியே, என்னத்தடி படிச்ச?" என்றாள் பஞ்சம்மாள். "ஒரு பஸ்ஸு விடலை. வீட்டுல ஒரு வேலை பாக்கலை. நான் ஒத்தக் கையில கூழு காச்சி, மாட்டப் பாத்து, ஆளுகளுக்குச் சோறு கொண்டாந்து போட்டேன். அங்கன போயி வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"இல்லத்தை."

"பெறகு?"

"கேட்டாங்க. வரலை."

"வரலையாம்ல. எம் மகன் அங்கன ஒத்தையில பொங்கித் திங்கிறான். இவளுக்கு வரலையாம்."

பாண்டித்துரை வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மருமகளைத் திட்டுவது அவருக்குப் பழக்கமில்லை. பெண்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று நினைப்பவர். அவள் காதில் விழுகிற மாதிரி மனைவியிடம் சொன்னார்.

"அதுமேல தப்பு இல்ல. சொல்லிக் குடுத்தவ சரியில்ல. நாளைக்கு நான் போயிக் கேக்குறேன்."

முருகலட்சுமியின் கால் நின்றது. "வேணாம் மாமா. மிஸ்ஸு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"நல்லாச் சொல்லிக் குடுத்தா ஏன் வரலையாம்?"

அவள் மறுபடியும் கிளற ஆரம்பித்தாள்.

மறுநாள் வெள்ளன அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அங்கே டீக்கடை வைத்திருக்கிற இருளம்மாள் அவரைவிட நாலைந்து வயது இளையவள். தகப்பன் வழியில் தங்கச்சி முறை. அந்த முறை இருப்பதால் ஊரில் வேறு யாரும் கேட்காததை அவள் கேட்பாள்.

"என்னண்ணே, பிளேனு பஞ்சராயிருச்சாமே?"

பெஞ்சில் இருந்த மூன்று பேரும் கிளாசுக்குள் சிரித்தார்கள்.

"சித்திரை இல்லன்னா வைகாசி" என்றார் பாண்டித்துரை. "சொல்லிக் குடுத்த பொம்பளை ஏமாத்திருச்சு. அதத்தான் கேக்கப் போறேன்."

"கேளுங்க, கேளுங்க. ரெண்டு கிடாயும் எங்க வயித்துலதான் இருக்கு. திருப்பிக் கேட்டுறாதீக."

பஸ் வந்தது. ராமநாதபுரம் போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம். வழியெல்லாம் கருவேலங்காடும் தண்ணீர் வற்றிய கண்மாயும்தான். டீச்சரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவர் மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டார். சத்தம் போடக் கூடாது. பெண். அதிலும் அடுத்த சமூகத்துப் பெண். ஆனால் விடவும் கூடாது.

கேணிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த வகுப்பு. சொல்லிக் கொடுக்கிறவள் பெயர் மாஷிதா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கீழக்கரைக்காரி. புருஷன் துபாயில் இருக்கிறான். வளைகுடாவுக்குப் போகிற பையன்கள், புருஷன்மாரோடு சேரப் போகிற பெண்கள் என்று வருவோருக்குப் பேச்சு இங்கிலீசு சொல்லிக்கொடுத்தாள். அவர் போன நேரம் வகுப்பு முடிந்து நாற்காலிகள் காலியாக இருந்தன. கரும்பலகையில் ஏதோ எழுதி இரண்டு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

"வாங்கய்யா. உக்காருங்க. முருகலட்சுமி மாமாதானே? மாசியில ஒரு நா பஸ்ஸுல கொண்டாந்து விட்டீங்களே."

"உக்கார வரல. எங்க வீட்டுப் பிள்ளை ஏன் தோத்துச்சுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"நின்னுக்கிட்டுக் கேக்குற சங்கதி இல்லைங்கய்யா."

அவர் உட்கார்ந்தார்.

"நல்லாப் பேசும்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க சொன்னத நம்பித்தான் நான் நாலு பேருக்கு முன்னாடி எந்திரிச்சுச் சொன்னேன். இப்ப நான் தெருவுல நடக்க முடியல. ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா ஏன் இப்படி ஆகுது?"

மாஷிதா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். கோபம் வந்த முகமாக இல்லை. எதையோ சொல்லலாமா என்று தயங்குகிற முகம்.

"அய்யா, என்கிட்டப் படிச்சதுல அதுதான் கெட்டிக்காரி. நேத்து என்ன செஞ்ச, ஒங்க ஊரு எப்படி, மொளகா எப்படிக் காய வைப்பீங்கன்னு கேட்டா மளமளன்னு பேசும். ஒரே ஒரு எடத்துலதான் நிக்கும். என்ன செய்யப்போறன்னு கேட்டா நிக்கும்."

"அப்படின்னா?"

"பாடமே அதுதாங்கய்யா. நாளைக்கு என்ன செய்யப்போறேன், அடுத்த வருசம் என்ன செய்ய நெனைச்சிருக்கேன்னு தானா சொல்லணும். 'ஐ யாம் கோயிங் டு' அப்படின்னு ஆரம்பிக்கணும். நான் இன்னது செய்யப்போறேன். 'நான்'னு ஆரம்பிச்சாத்தான் அந்த வாக்கியம் நிக்கும். அந்தப் பிள்ளைக்கு அங்கதான் வாய் கட்டிப்போகுது."

"அதச் சொல்லிக் குடுக்கத்தானே நீங்க இருக்கீங்க."

"நீங்களே கேளுங்க" என்றாள். பிள்ளைகள் பேசுவதைப் போனில் பதிந்து வைத்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவது அவள் வழக்கம். தேடி எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முதலில் மாஷிதாவின் குரல் இங்கிலீசில் கேட்டது. பிறகு முருகலட்சுமியின் குரல். வீட்டில் கேட்பதைவிட அது உரக்க இருந்தது. பாண்டித்துரைக்கு அதுவே புதிதாக இருந்தது.

"வாட் ஆர் யூ கோயிங் டு குக் டுமாரோ?"

"மதர் இன் லா வில் டெல்."

மாஷிதா அர்த்தம் சொன்னாள். "நாளைக்கு என்ன சமைக்கப்போறன்னு கேட்டேன். அத்தை சொல்லுவாகங்குது."

"சரிதானே" என்றார் பாண்டித்துரை. "வீட்டுல பெரியவ சொல்றதத்தான் சமைக்கணும்."

"சரிதாங்கய்யா. அடுத்தது கேளுங்க."

"வாட் ஆர் யூ கோயிங் டு டூ நெக்ஸ்ட் சண்டே?"

"ஃபாதர் இன் லா வில் டெல்."

"வாட் ஆர் யூ கோயிங் டு டூ இன் இங்லண்ட்?"

"தே வில் டெல்."

"ஹூ ஆர் தே?"

"மை ஹஸ்பண்ட்."

"புருசன அவன் இவன்னு சொல்றாப்புல ஒரு சொல்லு இருக்கு இங்கிலீசுல. அதச் சொல்ல மாட்டேங்குது" என்றாள் மாஷிதா. "அவுக, அவுகன்னு பலபேரச் சொல்ற சொல்லையே சொல்லும். பரீட்சை வச்ச அம்மா, வீட்டுல எத்தனை பேரு இருக்காங்கன்னு கேட்டுச்சாம். வகுப்புல இதச் சொல்லி அதுவே சிரிச்சுது. ஆனா மாத்த மாட்டேன்னுருச்சு."

பாண்டித்துரையின் உதட்டோரம் லேசாக இளகியது. புருஷனை மரியாதையாகச் சொன்னதற்காகத் தோற்றாள் என்றால் அதை ஊரில் சொல்லலாம். நிமிர்ந்து சொல்லலாம். பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் இருளம்மாளிடமே சொல்லலாம்.

"அப்ப இதுக்குத்தான் பெயில் போட்டுட்டாகளா?"

"இதுக்கு இல்லைங்கய்யா. இதெல்லாம் மன்னிச்சு விட்டுருவாங்க."

அவள் போனைக் கையில் எடுத்தாள். திரும்பவும் வைத்தாள்.

"வேற என்ன இருக்கு? போடுங்க" என்றார்.

"இது அந்தப் பிள்ளை சொந்த விசயம். அதக் கேக்காம நான் போடக் கூடாது."

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு எனக்குத் தெரியாம என்ன சொந்த விசயம்?"

மாஷிதா போனைத் திரும்ப எடுத்து, "சரி, நீங்க தெரிஞ்சுக்கணும்" என்று போட்டாள்.

அதில் முதலில் அவள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள், தமிழில். முன்னாலேயே மனதில் முடிவு செய்து வைத்ததை ஒரு மாதிரிச் சொல்ல வேண்டும், பேசுகிற நேரத்தில் அப்போதே வாக்குக் கொடுப்பதை வேறு மாதிரிச் சொல்ல வேண்டும் என்று விளக்கினாள். நடுவில் முருகலட்சுமி கேட்டாள்.

"போகணும்னு முடிவு பண்ணிட்டு, போகாமப் போயிட்டா அத எப்படி மிஸ் சொல்றது?"

"'ஐ வாஸ் கோயிங் டு'ன்னு சொல்லணும். போக இருந்தேன், ஆனா நடக்கலை."

கீழே தெருவில் போன ஏதோ ஒரு வண்டியின் சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. பிறகு முருகலட்சுமி பேசினாள். ஒரு தடங்கலும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.

"ஐ வாஸ் கோயிங் டு ஸீ மை ஃபாதர்."

மாஷிதா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எங்க அய்யாவப் பாக்க இருந்தேன்."

"ஐ வாஸ் கோயிங் டு கிவ் ஹிம் கஞ்சி."

"கஞ்சி குடுக்க இருந்தேன்."

"ஐ வாஸ் கோயிங் டு ஆஸ்க் மை ஃபாதர் இன் லா ஒன் மோர் டைம்."

மாஷிதா சொல்லவில்லை.

"சொல்லுங்க" என்றார் பாண்டித்துரை.

"மாமாகிட்ட இன்னொரு தடவை கேக்க இருந்தேன்."

இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. அதில் பஸ் என்ற சொல் வந்தது. அதற்கு அவர் அர்த்தம் கேட்கவில்லை.

"பரீட்சையில அந்த அம்மா, அங்க போயி என்ன செய்யப்போறன்னு கேட்டுச்சாம்" என்றாள் மாஷிதா. "'ஐ'ன்னு ஆரம்பிச்சா இதுதான் வருதுன்னு சொல்லுச்சு அய்யா. செய்யப்போறேன்னு வர வேண்டிய எடத்துல செய்ய இருந்தேன்னு வருது. அதுக்கு மேல அழுதுருச்சாம். அந்த அம்மா தண்ணி எடுத்துக் குடுத்துச்சாம். பேச்சு வரலைன்னா மார்க் எப்படிப் போடுவாங்க? அவுக அய்யா கார்த்திகையில மௌத்தாயிட்டாக, கடைசியா மொகத்தப் பாக்க முடியலைன்னு மட்டும் என்கிட்டச் சொல்லுச்சு. நான் மேல கேக்கலை."

பாண்டித்துரை எழுந்தார். வந்தபோது அடுக்கி வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட மிச்சமில்லை. படியில் இறங்கும்போது அவள் மேலிருந்து, "அய்யா, அதுகிட்ட நான் போட்டுக் காட்டுனேன்னு நானே சொல்லிர்றேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

கார்த்திகையில் நடந்தது இது.

முருகலட்சுமியின் தகப்பன் அய்யப்பன் உப்பூர்ப் பக்கத்து ஆள். ஆவணியில் அவர் மகன் புதுவீடு கட்டிக் குடிபோனான். பாண்டித்துரை தாம்பாளத் தட்டோடு பஞ்சம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார். சம்பந்தி வாசலுக்கு வந்து வாங்க என்று சொல்லவில்லை. பந்தலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். பாண்டித்துரை தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினார். அன்றைக்கே அய்யப்பனுக்கு இரண்டு காலும் வீங்கி எழுந்து நிற்க முடியாமல் இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. தெரிந்த பிறகும் பாண்டித்துரை அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம் முருகலட்சுமியின் தம்பி போன் செய்தான். அய்யாவுக்கு முடியவில்லை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம், அக்காவைப் பார்க்கணும் என்கிறார் என்றான். அவள் வந்து மாமாவிடம் கேட்டாள். எங்கள் பக்கம் சாவானாலும் சாகக் கிடப்பதானாலும் சம்பந்தி வீட்டுக்கு ஆள் வந்து நின்று சொல்ல வேண்டும். அது முறை. போன் வந்த பிறகு பல வீடுகளில் அந்த முறை போய்விட்டது. பாண்டித்துரை வீட்டில் போகவில்லை.

"போன்ல கூப்புட்டா போறதுக்கு நாம என்ன வாடகைக் காரா? மொறையா ஒரு ஆளு வந்து சொல்லட்டும். சொன்ன அடுத்த நிமிசம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். காளிதாசும் போனில், "அய்யா சொல்றதக் கேளு" என்றான். அவள் திரும்பத் தன் தகப்பனோடு போனில் பேசினாள். பேசியது பஞ்சம்மாளுக்குக் கேட்டது. "நாளைக்கு வாரேன்யா. இல்லய்யா, நெசமா. நாளைக்கு வந்துருவேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஆள் வந்தது. நனைந்த சட்டையோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முறைப்படி வாசலில் நின்றது. அய்யப்பன் விடியற்காலையில் இறந்துவிட்டார் என்று சொன்னது.

மகள் முந்தின நாளே ஏன் போகவில்லை என்று ஊரில் கேட்டார்கள். அவளுக்குக் கடுமையான காய்ச்சல், படுத்த படுக்கையாக இருந்தாள் என்று பாண்டித்துரை சொன்னார். அவர் சொன்னதை ஊர் நம்பியது. அவர் பொய் சொல்லி ஊர் பார்த்ததில்லை.

ராமநாதபுரத்திலிருந்து திரும்பியவர் கடைப் பக்கம் பார்க்காமல் நேரே வீட்டுக்கு வந்தார். பஞ்சம்மாள் கம்மங்கூழும் சுட்ட கருவாடும் வைத்தாள். அவர் கூழைத் தொடவில்லை.

"என்ன சொன்னா அந்த டீச்சரு? நல்லாக் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அதோட அய்யாவப் பாக்க விடாம வச்சிருந்தோம்ல. அதான்."

பஞ்சம்மாள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தேவலை.

"அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு தடவை ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன்" என்றாள். "விட்டுருங்க, போயிட்டு வரட்டும்னு. ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். பெறகு நானும் அதத்தான் பேசுனேன். ஒங்க அப்பன் வாசலுக்கு வந்து கூப்புட்டானான்னு கேட்டேன். சாகப்போற மனுசனை."

"நான் சொன்னதைத்தானே நீ சொன்ன."

"ஆமா. நாப்பது வருசமா அதத்தான் செய்யுறேன்."

அவர் எழுந்து களத்துக்குப் போனார். வெயில் இறங்கியிருந்தது. முருகலட்சுமி தனியாக இருந்தாள். பனி படாமல் இருக்க மிளகாயைக் குவித்து, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் மறுமுனையைப் பிடித்தார். அவள் திகைத்துப் போனாள். அவர் களத்து வேலையில் கை வைத்து அவள் பார்த்ததில்லை. இரண்டு பேருமாக இழுத்து நாலு மூலையிலும் கல் வைத்தார்கள்.

"டீச்சரப் பாத்தேன்" என்றார்.

"மிஸ்ஸு போன் பண்ணுனாங்க மாமா."

அப்படியானால் அவளுக்குத் தெரியும். அந்தப் பதிவை அவர் கேட்டது தெரியும். வரும் வழியெல்லாம் சொல்ல நினைத்ததை அவர் தேடிப் பார்த்தார். இரண்டு முறை தலைவராக இருந்து எத்தனையோ வழக்கில் எத்தனையோ பேரை, தப்பு என்று ஒத்துக்கொண்டு காலில் விழ வைத்தவர். தனக்கு அந்தச் சொல் வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"நாளைக்கு என்ன செய்யப்போற ஆத்தா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பரீட்சைக் கேள்வியா, வேலையைக் கேட்கிறாரா என்று தெரியாத பார்வை.

"மொளகாயக் கிளறணும். கெழக்கால கெடக்குறது இன்னும் ஈரமா இருக்குன்னு அத்தை சொன்னாக."

"அத்தை சொன்னது இருக்கட்டும்."

அவள் சாக்கை எடுத்து உதறி மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் குளித்து, தலை பின்னி, தோளில் ஒரு பையோடு வெளியே வந்தாள். பஞ்சம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். பாண்டித்துரை பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

"எங்கனடி?" என்று பஞ்சம்மாள் வாளியோடு திரும்பினாள். "யாருகிட்டக் கேட்ட?"

"கேக்கலத்தை. சொல்லத்தான் வந்தேன்."

பஞ்சம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

முருகலட்சுமி அவரைப் பார்த்தே சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "வைகாசி பதினொண்ணுல மறுபடியும் பரீட்சை. நேத்து மிஸ்ஸு போன் பண்ணுனப்பவே தேதி போடச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட இருப்பேன். அங்கன இருந்தே ராம்நாட்டுக்குப் போயிப் படிக்கப்போறேன். பாசானா இங்கன வந்து சாமானை எடுத்துக்கிட்டு அவுககிட்டப் போவேன். ஆகலைன்னா மறுபடி எழுதுவேன். அவுககிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?" என்று கேட்டார் பாண்டித்துரை.

"அய்யாகிட்டக் கேட்டியான்னாக. இல்லன்னேன்."

பசு வாளியில் மூக்கை விட்டு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாண்டித்துரை எழுந்து ஆணியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"இரு. நான் கொண்டுபோயி விடுறேன். ஒங்க அம்மாவையும் பாத்து ஒரு வார்த்தை..."

"வேணாம் மாமா."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இன்னைக்கு வேணாம். அம்மா ஒங்களப் பாத்தா எந்திரிச்சு வாங்கன்னு சொல்லணும். அம்மாவால அது இன்னும் முடியாது."

ஒரு கை சட்டைக்குள் போயிருந்தது. அப்படியே நின்றார். பஞ்சம்மாள்தான் உள்ளே போய், ஒரு பையில் இரண்டு படி மிளகாய் வத்தலைக் கட்டிக் கொண்டுவந்து, பேசாமல் மருமகள் கையில் கொடுத்தாள். முருகலட்சுமி வாங்கிக்கொண்டாள்.

அவர் கூடப் போகவில்லை. இருபதடி பின்னால் நடந்தார். பஸ் நிறுத்தத்தில் அவள் ஒரு பக்கம் நின்றாள், அவர் கடைக்கு இந்தப் பக்கம் நின்றார். ஏழரை பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தபோது ஒரு தடவை அவர் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு நேராகப் பார்த்துக்கொண்டாள்.

"என்னண்ணே" என்றாள் இருளம்மாள் பாய்லருக்குப் பின்னாலிருந்து. "மருமகளத் தனியா ஏத்தி விடுறீக? பரீட்சையில போனதுக்கு ஆத்தா வீட்டுக்கு வெரட்டிட்டீகளா?"

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சொல்லக் கௌரவமான காரணங்கள் அவரிடம் மூன்று இருந்தன. உப்பூரிலிருந்து வகுப்புக்குப் போக வசதி. சம்பந்தி அம்மாளுக்கு உடம்பு சரியில்லை. பெண்பிள்ளை நாலு நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு வரட்டும். எதைச் சொன்னாலும் ஊர் நம்பும்.

"அவுக அய்யா சாகக் கெடந்தப்ப போகணும்னு கேட்டுச்சு" என்றார். "நான் விடலை. அதான் போகுது."

இருளம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "என்னண்ணே சொல்றீக? காய்ச்சல்ல படுத்துக் கெடந்துச்சுன்னுல அன்னைக்குச் சொன்னீக."

"காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவுக அய்யா எறந்த அன்னைக்கு மழை. நீ கடை தொறக்கல. வெள்ளன மொத பஸ்ஸுக்கு, யாருகிட்டயும் சொல்லாம, இந்தா இங்கன வந்து நின்னுச்சு. கையில ஒரு தூக்குச்சட்டி. பஸ்ஸும் வந்துருச்சு. ஒரு கால படியில வச்சிருச்சு. நான்தான் பின்னாலயே வந்து, எறங்குன்னு சொல்லி, கையப் பிடிச்சு எறக்கிக் கூட்டிட்டுப் போனேன்."

பெஞ்சில் இருந்த ஒருவன் கிளாசைத் தரையில் வைத்தான். இருளம்மாளின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"யாரும் கேட்டா இதையே சொல்லு, இருளு" என்றார் பாண்டித்துரை. "காய்ச்சல்னு சொல்லாத."